அன்பினாலும் பாசத்தாலும் எழுதியது

பாசம் போதவில்லை என்று தயாபரனைப் பதிவகம் திருப்பி அனுப்பியது.

போதவில்லை என்பது பதிவாளர் நூர்ஜகான் மரியாதைக்காகச் சொன்ன சொல். திரையில் எழுதியிருந்தது வேறு. ‘தந்தை மீது பாசம்: இல்லை. அருவருப்பு: உண்டு. அவசரம்: மிக அதிகம்.’

“மெஷின்ல ஏதோ கோளாறு மேடம்,” என்றான் தயாபரன். தலையில் மாட்டியிருந்த வலைக்குல்லாய் அவனுடைய சாயம் பூசிய முடியைக் கலைத்துவிட்டிருந்தது. அது வேறு எரிச்சல்.

“மெஷின் எதுக்கு சார்? உங்கப்பாவோட துண்டை நாங்க நீட்டினதும் உங்க மூக்கு சுருங்குச்சே, அதை நானே பாத்தேன்.”

அந்த மெஷினுக்கு உளமானி என்று பெயர். ஒருவர் முன்னால் இன்னொருவரின் படத்தைக் காட்டி, குரலைக் கேட்கவைத்து, அவர் உடுத்திய துணியை முகரவைத்து, உடம்புக்குள் என்ன கிளம்புகிறது என்று பார்த்துச் சொல்லிவிடும். அது வருவதற்கு முன்னால் பத்திரத்தில் எதை எழுதினாலும் செல்லுபடியானது. ‘முழு மனதுடன், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்’ என்று விற்பவன் எழுதிக் கொடுப்பான். வாங்குபவனின் மைத்துனன் வாசலில் அரிவாளோடு நிற்பான். ‘உன் மீதுள்ள அன்பினாலும் பாசத்தாலும்’ என்று அப்பனிடம் தானமாக எழுதி வாங்கிய மகன், மறுவாரமே அப்பனை முதியோர் இல்லத்து வாசலில் பெட்டியோடு இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போவான். இந்த வழக்குகளைக் கேட்டுக் கேட்டு நீதிமன்றங்கள் அலுத்துப்போன பிறகு உளச்சான்றுச் சட்டம் வந்தது. பத்திரத்தில் என்ன காரணம் எழுதியிருக்கிறதோ அது எழுதியவரின் உடம்பிலும், தானம் என்றால் பெறுபவரின் உடம்பிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சொத்து கைமாறாது.

கைமாறாது என்றால் உண்மையிலேயே மாறாது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உரிமைப்பூட்டு இருந்தது. பதிவகத்தில் பத்திரம் ஏறிய நொடியில் பூட்டு புது எஜமானை அறிந்துகொள்ளும். பழைய எஜமான் அப்போது கொல்லைப்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தால்கூட ‘தாங்கள் வெளியேறலாம்’ என்று மரியாதையாகச் சொல்லும். ஏறாத பத்திரத்தைப் பூட்டின் முகத்துக்கு நேரே ஆட்டினாலும் அது அசையாது.

இதனால் ஊரில் நேர்மை வளர்ந்ததா என்றால், அதுதான் இல்லை. பாசத்தை எப்படித் தயாரிப்பது என்ற யோசனைதான் வளர்ந்தது. பதிவகத்தின் காத்திருப்புக் கூடத்தைப் பார்த்தாலே போதும். ஒருவன் தன் அம்மாவின் பழைய புடவையை மடியில் வைத்துக்கொண்டு முகர்ந்து முகர்ந்து பழகிக்கொண்டிருந்தான். இன்னொருவன் பாட்டன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கி அழ முயன்றான்; கொட்டாவிதான் வந்தது. வெளியே இளநீர்க் கடைக்குப் பக்கத்தில், ‘பாசப் பயிற்சி, தோற்றால் மறுபயிற்சி இலவசம்’ என்று பலகை.

தயாபரன் அந்தக் கூட்டத்தை ஒருமுறை பார்த்தான். இந்தப் பிச்சைக்காரக் கூட்டத்தில் தானும் ஒருவனாக நிற்க நேர்ந்ததற்காகத் தன் தகப்பனை மனத்துக்குள் திட்டினான். உளமானி இன்னும் கழற்றப்படவில்லை. திரையில் அருவருப்பு ஒரு படி ஏறியது.

அவனுக்கு அந்த வீடு எதற்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொள்ளிடத்தின் வடகரையில் யாத்திரிகர்கள் தங்கும் விடுதி ஒன்றை அவன் நடத்திவந்தான். விடுதிக்கு முன்னால் அவனுடைய அப்பாவின் வீடு. அதற்கு முன்னால் சாலை. அந்தச் சாலையில் புதிதாகத் தொங்கூர்தி நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பியில் தொங்கி வரும் வண்டியிலிருந்து இறங்குகிற படிக்கட்டு நேராக அப்பாவின் வாசலுக்கு எதிரில் முடிந்தது. அத்தனை யாத்திரிகர்களும் அப்பாவின் குளியலறைச் சுவரைப் பார்த்துவிட்டு அடுத்த தெரு விடுதிக்குப் போகப்போகிறார்கள். வீட்டை இடித்து வழி திறந்தால் விடுதி பிழைக்கும். இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான். அப்பா போகும்வரை காத்திருந்தாலோ, ஓசூரில் இருக்கும் தங்கை வல்லிக்குப் பாதி போய்விடும். அவளோடு பேசி ஆறு வருஷமாகிறது.

அப்பா குழந்தைவேலு விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் தானமாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்டபோது உடனே தலையாட்டினார்.

“எழுதிக் கொண்டா. கையெழுத்துப் போடறேன். எனக்கென்ன?”

கிழத்துக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று தயாபரன் சந்தோஷப்பட்டான்.

பதிவகத்தின் முறைப்படி, தானம் பெறுபவரைத்தான் முதலில் சோதிப்பார்கள். அவர் தேறினால்தான் கொடுப்பவரை வரச் சொல்வார்கள். வயதானவர்களை வீணாக அலைக்கழிக்கக் கூடாது என்பது காரணம். கொடுப்பவருடைய சோதனை வெறும் சடங்கு. பெற்றவர்களுக்குப் பிள்ளைமேல் பாசம் இருக்காதா என்ன? அந்தப் பதிவகத்தில் கொடுப்பவருக்கான நாற்காலியில் உட்கார்ந்து தோற்றவர் ஒருவர்கூட இல்லை.

பயிற்சி மையத்தில் சேர்ந்த தயாபரன் நாலு நாளில் வெளியே வந்தான். “அப்பா உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா காட்டியதை நினைத்துக்கொள்ளுங்கள்,” என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். குழந்தைவேலு யாரையும் தோளில் தூக்கியவர் இல்லை. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். திருவிழா என்றால் அவருக்குச் சிறப்புப் பேருந்து, இரட்டை ஷிப்ட்.

அவன் மனைவி தாட்சாயணிதான் பற்றூக்கி ஊசியைப் பற்றிச் சொன்னாள்.

“என்னோட சித்தி பையன் போட்டுக்கிட்டான். மூணே வாரம், அரிசி மில்லு கைக்கு வந்துருச்சு.”

“இப்ப எப்படி இருக்கான்?”

“மாமனாரைத் தள்ளுவண்டில வச்சு பூங்கா பூங்காவாக் கூட்டிட்டுப் போறான். மில்லை யாரு பாக்குறான்னு தெரியல. நம்மளுக்கு என்ன? வீடு வரட்டும்.”

ஊசி போடும் நிலையத்தில் ரோசலின் என்ற பெண் எல்லாவற்றையும் விளக்கினாள். பிள்ளை பெற்றவளின் உடம்பு தானாகச் சுரக்கிற சரக்கைத்தான் வலுவேற்றிச் சீசாவில் அடைத்திருக்கிறார்கள். ஊசி ஏறியிருக்கும்போது யாரைத் தொடுகிறோமோ, யார் வாசனையை முகர்கிறோமோ, யாருக்குச் சோறு பிசைந்து கொடுக்கிறோமோ அவர்மேல் மனம் ஒட்டிக்கொள்ளும். தினம் ஒரு ஊசி, கூடவே அந்த ஆள்.

“வழியில யாரையும் பாக்காமப் போங்க சார். போன மாசம் ஒருத்தர் ஊசி போட்டுட்டுக் கிளம்பி டிராஃபிக்ல மாட்டிக்கிட்டாரு. இப்போ அந்தப் போலீஸ்காரருக்கு தினம் மோர் கொண்டுபோய்க் குடுக்குறாரு.”

தயாபரன் சிரிக்கவில்லை. “வேலை முடிஞ்சதும் இதைக் கழட்டிரலாம்ல?”

“ஒட்டினா ஒட்டினதுதான் சார். கழட்ட மருந்து கிடையாது. இங்க ஒரு கையெழுத்து.”

“வீடு வந்தப்பறம் எனக்கு எதுக்கும்மா அது?”

“எல்லாரும் இதேதான் கேக்குறாங்க,” என்றாள் ரோசலின், பேனாவை நீட்டி.

அவன் யோசித்தான். தன்னைப் போன்ற ஒருவனை ஒரு ஊசி என்ன செய்துவிடும்? அரிசி மில்காரன் சோப்ளாங்கி. டிராஃபிக்காரன் அதைவிட. அவன் கையெழுத்துப் போட்டான். மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, காரின் பின்சீட்டில் படுத்தபடியே அப்பாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான்.

குழந்தைவேலுவுக்கு வயது எண்பத்து நாலு. பஸ்ஸில் கண்டக்டர் என்ற வேலையே ஒழிந்துபோய் எத்தனையோ காலம் ஆகியும் விசிலைக் கழுத்தில் மாட்டியிருந்தார். மனிதர்களை இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்தார்: டிக்கெட் எடுப்பவன், எடுக்காமல் இறங்கப் பார்ப்பவன். முதல் வகையில் ஒருவரையும் அவர் இதுவரை உறுதியாகச் சேர்க்கவில்லை.

மகன் கையில் வெந்நீர்ச் செம்போடு வந்து காலடியில் உட்கார்ந்ததைப் பார்த்து அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“என்னடா?”

“கால் கழுவி விடறேன்ப்பா.”

“ஏன், என் கால்ல ஏதாவது பத்திரம் ஒட்டிக்கிட்டு இருக்கா?”

பல்லைக் கடித்துக்கொண்டு கழுவினான். நகங்கள் மஞ்சளாக, மாட்டுக்கொம்பு போல இருந்தன. குமட்டியது. நாளை வரட்டும், இந்த அறையில்தான் விடுதியின் வரவேற்பு மேசை, இந்த மூலையில் காபி இயந்திரம் என்று மனத்துக்குள் சுவர்களை இடித்துக்கொண்டே கழுவி முடித்தான். மதியம் ரசம் சாதம் பிசைந்து கொடுத்தான்.

“உப்பு இல்ல,” என்றார் அப்பா. “உன்ன மாதிரியே இருக்கு.”

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ரோசலினைத் தொலைபேசியில் அழைத்து ஏமாற்றுக்காரி என்றான். “இருங்க சார், பிடிக்கும்,” என்றாள் அவள்.

பிடித்தது. வழக்கமாக விடியும்போது அப்பா ஒரு இருமல் இருமுவார். எதிர்வீட்டு நாய் எழுந்துகொள்ளும் அளவுக்கு. ஒருநாள் அந்த இருமல் வரவில்லை. ஊசி போட்ட வாரங்களில் அங்கேயே கூடத்தில் படுத்திருந்த தயாபரன் தன்னையறியாமல் எழுந்து ஓடினான். கதவை இடித்துத் திறந்து பார்த்தால் அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்னடா, போயிட்டேன்னு நெனச்சியா? இன்னும் ஸ்டாப் வரல.”

தயாபரன் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். பத்திரம் ஏறாமல் போய்விடுமே என்றுதான் பயந்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது பொய் என்பது அவனுக்கே தெரிந்தது.

அதன்பிறகு சரிவில் விட்ட வண்டிதான். அவர் காபியை ஊதுகிற விதம், சட்டைப் பொத்தானைக் கீழிருந்து மேலாகப் போடுகிற விதம், செய்தித்தாளில் இறந்தவர்கள் பக்கத்தைப் படித்து ‘இவன் சீசன் டிக்கெட்’ என்று முணுமுணுக்கிற விதம் எல்லாம் அவனுக்கு அழகாகத் தோன்றத் தொடங்கின. அந்தத் துண்டை அவனே துவைத்தான். துவைப்பதற்கு முன்னால் யாரும் பார்க்காதபோது ஒருமுறை முகர்ந்தான். மஞ்சள் நகங்களை வெட்டும்போது குமட்டல் வரவில்லை. சதையில் பட்டுவிடக் கூடாதே என்று துளித்துளியாக வெட்டினான். ஐம்பத்திரண்டு வயதில், நாலு பேர் பயந்து நடுங்குகிற ஒரு முதலாளி, ஒரு கிழவரின் கட்டைவிரலைக் கையில் ஏந்திக்கொண்டு கண்கலங்கினான். பார்க்கச் சகிக்கவில்லை.

குழந்தைவேலுவுக்கும் சகிக்கவில்லை. “எந்திரிடா. மூஞ்சியத் துடை. வேலைக்காரன் வச்சிருந்தா இவ்வளவு ஈரம் ஆகாது.”

ஒருநாள் மாலை, கால் அமுக்கிக்கொண்டிருந்த தயாபரனிடம் அவர் சாதாரணமாகக் கேட்டார்: “காலேஜ்ல படிக்கிறப்போ ஒருநா என் பஸ்ல ஏறினியே, ஞாபகம் இருக்கா?”

இல்லை.

“சேக்காளிங்களோட ஏறினே. நான் கிட்ட வந்தேன். மூஞ்சியப் பாக்காமக் காசை நீட்டி, ‘கண்டக்டர், அஞ்சு டிக்கெட்’னே.”

தயாபரனின் கை நின்றது. இப்போது ஞாபகம் வந்தது. ஊசிக்கு முன்னால் அந்த ஞாபகம் வந்திருந்தால் ஒரு கொசு உட்கார்ந்ததுபோலத் தட்டிவிட்டிருப்பான். இப்போது தட்டிவிட முடியவில்லை. அப்பாவின் காலில் நெற்றியை வைத்துக்கொண்டு, “மன்னிச்சிருங்கப்பா,” என்று விசும்பினான்.

“மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு? நீ காசு குடுத்தே, நான் டிக்கெட்டும் மீதியும் குடுத்தேன். கணக்கு அன்னிக்கே முடிஞ்சுது.” காலை இழுத்துக்கொண்டார். “நெத்தி வேர்க்குதுடா, தள்ளு.”

பதிவு நாள் வந்தது. தாட்சாயணி பட்டுப்புடவையில் வந்திருந்தாள். இடிக்கிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள். இடிக்கும் வண்டி அப்பாவின் வீட்டு வாசலில் தயாராக நின்றது. பத்திர எழுத்தர் சம்மனசு, சட்டப்படி, இருவருக்கும் கேட்கும்படி வாசகத்தைப் படித்தார்.

“...எனது சுயசம்பாத்தியச் சொத்தும், இதுநாள்வரை எனது அனுபவத்தில் உள்ளதுமான அடியிற்கண்ட வீட்டை, எனது மகனாகிய உன் மீது எனக்கு இயற்கையாகவே உள்ள அன்பினாலும் பாசத்தாலும், நீ என்னைக் கடைசிவரை அன்புடன் பராமரிப்பாய் என்ற நம்பிக்கையினாலும்...”

“சீக்கிரம் படிங்க,” என்றாள் தாட்சாயணி. “எல்லாப் பத்திரத்துலயும் இருக்கிறதுதானே?”

“இருக்கிறதுதாம்மா. நானும் அப்படித்தான் படிக்கிறேன்,” என்றார் சம்மனசு. பக்கத்தைத் திருப்பினார்.

தயாபரன் தேறினான். தேறியது மட்டுமல்ல, ‘தந்தை மீது பாசம்: மிக அதிகம்’ என்று வந்ததைப் பார்த்து, காத்திருப்புக் கூடத்தில் இருந்த சிலர் கைதட்டினார்கள். நூர்ஜகான்கூடக் கொஞ்சம் இளகினாள். “போன தடவை வந்தவரா சார் நீங்க?” என்றாள். அவன் அதைக் காதில் வாங்கவில்லை. அப்பா உட்காரப்போகிற நாற்காலியில் தூசி இருந்தது. தன் கைக்குட்டையால் துடைத்தான். வலைக்குல்லாயை அவருடைய வழுக்கைத் தலையில் மாட்டும்போது, “மெதுவா, மெதுவா,” என்று பணியாளை விரட்டினான்.

குழந்தைவேலுவுக்கு மகனின் படத்தைக் காட்டினார்கள். மகனின் குரல் ‘அப்பா’ என்றது. மகனின் சட்டையை மூக்கருகே நீட்டினார்கள். அவர் ஜன்னலோர இடம் கிடைத்த பயணிபோல வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

திரையில் எழுத்துகள் வந்தன.

‘சுயநினைவு: தெளிவு. வற்புறுத்தல்: இல்லை. மகன் மீது பாசம்: இல்லை. ஏளனம்: உண்டு. மகிழ்ச்சி: உண்டு.’

நூர்ஜகான் மெஷினை நிறுத்தி, மறுபடி ஓட்டினாள்.

“ஏம்மா,” என்றார் குழந்தைவேலு, “திருப்பி அடிச்சா டிக்கெட்டு மாறிருமா?”

மாறவில்லை. மகிழ்ச்சி மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது.

“பெரியவரே,” என்றார் சம்மனசு தயங்கி, “பெத்த புள்ளை மேலயா?”

“பெத்ததுனால? என் பஸ்ஸுல ஏறினவன் எல்லாரும் என் சொந்தக்காரனா?” குல்லாயைத் தானே கழற்றி மேசைமேல் வைத்தார். “கையெழுத்துப் போட மாட்டேன்னு நான் எப்பவாவது சொன்னேனா? பேனாவைக் குடுங்க, இப்பவும் போடறேன். பத்திரத்துல பொய் எழுதிக் கொண்டாந்தது அவன். மெஷினு கண்டுபிடிச்சா நான் என்ன பண்றது?”

“தெரிஞ்சேதான வந்து உக்காந்தீங்க மாமா?” என்றாள் தாட்சாயணி.

“ஓசியில தைலம் தேச்சு விடுறான், ரசம் வச்சுக் குடுக்குறான். வேண்டாம்னு சொல்ல நான் என்ன மடையனாம்மா?”

கூடத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். எல்லோரும் தயாபரனைப் பார்த்தார்கள். வீடு போயிற்று, விடுதி போயிற்று, இடிக்க வந்த வண்டி வாசலில் உறுமிக்கொண்டிருக்கிறது. இவன் கத்துவான், மேசையைக் குத்துவான் என்று காத்திருந்தார்கள்.

“அப்பா வந்து ரொம்ப நேரமாச்சு,” என்றான் தயாபரன். “வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்.”

அந்த வாரத்துக்குள் செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. அதுவரை சடங்காக நடந்த சோதனையை இப்போது பதிவகம் கவனமாகச் செய்யத் தொடங்கியது. பார்த்தால், தூசி படிந்த அந்த நாற்காலியில் தோற்கிறவர்கள் வரிசையாக வந்தார்கள். ஒரு அம்மா மூன்று பிள்ளைகளில் நடுவனுக்கு மட்டும் தேறினாள். மற்ற இருவரும் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டு ஊசிக்குப் போனார்கள். கேட்காமல் இருந்திருந்தால் எல்லோரும் நிம்மதியாக நம்பியபடியே செத்திருப்பார்கள். ரோசலினின் நிலையத்தில் பலகை மாறியது. ‘பெற்றோருக்கும் இங்கே போடப்படும்’ என்று ஒரு வரி சேர்ந்தது. வயதானவர்கள் ஊசிக்கு முரண்டு பிடிப்பதால் கஞ்சியில் கலக்கிற சொட்டுமருந்தும் வந்துவிட்டது.

தாட்சாயணி அந்தச் சீசாவை வாங்கிவந்து கணவன் முன்னால் வைத்தாள். தொங்கூர்தி நிலையம் அப்போது திறந்துவிட்டது. படிக்கட்டில் இறங்குகிற கூட்டம் குளியலறைச் சுவரைப் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. விடுதியில் இரண்டு மாடியை மூடியாகிவிட்டது.

“தினம் கஞ்சி நீங்கதானே குடுக்குறீங்க. பத்து சொட்டு. நீங்க பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும், உங்க மேலதான் ஒட்டும்.”

“அவருக்குத் தெரியாமயா?”

“தெரிஞ்சா குடிப்பாரா?”

“அது அவரோட மனசு தாட்சா. அவரு திட்டறது, எகத்தாளம் பண்றது, எல்லாம் சேர்ந்துதான் அவரு. அதுக்குள்ள நாம எப்படிக் கையை விடறது?”

தாட்சாயணிக்கு இது புது ஆள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த தயாபரன், குருடனிடம் சில்லறை மாற்றும்போதும் ஒரு காசு குறைத்துக் கொடுப்பவன். சொந்த அம்மாவின் நகையை அவள் படுக்கையில் கிடந்தபோதே கழற்றியவன். அந்தத் தயாபரன் இந்தச் சீசாவைக் கண்டிருந்தால் பத்து சொட்டு எதற்கு, முழுசாக ஊற்று என்று சொல்லியிருப்பான். அவன்தான் அவளுக்கு இப்போது தேவைப்பட்டான். அவனை ஊசி தின்றுவிட்டது.

“எதுக்காக ஊசி போட்டுக்கிட்டீங்கன்னாவது ஞாபகம் இருக்கா?” என்றாள்.

“இருக்கு. வீட்டுக்காக.”

“அப்போ?”

அவன் எழுந்தான். சீசாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அப்பாவின் வீட்டுக்குப் போனான். கஞ்சி வைத்தான். ஆற்றினான். சீசாவைத் திறந்தான். கிண்ணத்தின் மேலே கை போனது. உள்ளே கூடத்திலிருந்து அந்த இருமல் கேட்டது.

கை திரும்பிவிட்டது. கொல்லைப்பக்கச் சாக்கடையில் சீசாவைக் கவிழ்த்தான். நிமிர்ந்தபோது பின்கதவில் அப்பா நின்றிருந்தார்.

“என்னத்தடா கொட்டுறே?”

அவரிடம் பொய் சொல்லவும் இப்போது அவனால் முடியவில்லை. “மருந்துப்பா. கஞ்சில கலந்து குடுத்தா உங்களுக்கு என் மேல பாசம் வருமாம்.”

குழந்தைவேலு சாக்கடையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். “கொட்டிட்டியா?”

“கொட்டிட்டேன்.”

“ஏன்?”

“உங்கள எதுவும் பண்ண மனசு வரலப்பா.”

அப்பா சிரிக்கத் தொடங்கினார். வயிறு குலுங்க, விசில் கழுத்தில் ஆட, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தயாபரன் பிறந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

“நல்ல சரக்குடா,” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “காசு குடுத்து வாங்கினது, வாங்கினவனையே வேலை வாங்குது. கம்பெனிக்காரன்கிட்ட சொல்லு, கண்டக்டர் பாராட்டுனாருன்னு.”

“சரிப்பா.”

“கஞ்சியக் கொண்டா. இன்னிக்காவது உப்புப் போட்டியா?”

போட்டிருந்தான். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தான். இருட்டத் தொடங்கியதும் குழந்தைவேலு வழக்கம்போல விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார்.

“எறங்கு எறங்கு. உன் ஸ்டாப் வந்துருச்சு.”

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். உரிமைப்பூட்டு அவன் முதுகுக்குப் பின்னால், ‘உரிமையாளரின் விருப்பப்படி தாங்கள் வெளியேறிவிட்டீர்கள்’ என்று மரியாதையாகச் சொல்லி மூடிக்கொண்டது. எதிரே தொங்கூர்தியிலிருந்து இறங்கிய கூட்டம் மூட்டை முடிச்சுகளோடு அவனை இடித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனது. அவனுடைய விடுதியின் ஜன்னல்களில் பாதிக்கு மேல் இருட்டு.

அதை அவன் பார்க்கவில்லை. அப்பா சிரித்தது இன்னும் காதில் இருந்தது. அவர் இன்னும் இருபது வருஷம் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, நாளைக்கும் அவரைச் சிரிக்கவைக்க வேறு என்ன முட்டாள்தனம் செய்யலாம் என்று யோசித்தபடி நடந்தான்.